நாலு பேர், ரெண்டு பர்னர், ஒரு மழை ஞாயிறு: சேர்ந்து என்ன சமைக்கலாம்?

மூணாம்மாடி (கேள்வி):

வணக்கம். ஒரே வீட்டில் நாலு பேர் தங்கியிருக்கோம். குடிவந்து ஒரு மாசம் ஆச்சு, ஆனா பேச்சு இன்னும் "சாவி எங்க", "பால் தீந்துபோச்சு" அளவிலேயே நிக்குது. வர்ற ஞாயிறு நாள் முழுக்க மழைன்னு சொல்றாங்க. யாருக்கும் வெளியே வேலை இல்லை. மதியச் சாப்பாட்டை நாலு பேரும் சேர்ந்து செய்யலாம்னு இருக்கோம்.

நிலவரம் இதுதான்: ரெண்டு பர்னர் அடுப்பு, ஓவன் கிடையாது. சமையலறையில் ரெண்டு பேர் நின்னா மூணாவது ஆள் நிலைப்படியில்தான். ஒருத்தர் சுத்த சைவம், ஒருத்தருக்கு வேர்க்கடலை ஒத்துக்காது. ஒருத்தர் கைதேர்ந்தவர், மத்த மூணு பேரும் முட்டை பொரிக்கிற ரகம்.

ஒருத்தர் அடுப்படியில் வேர்த்து விறுவிறுக்க, மூணு பேர் ஃபோனைத் தடவிக்கிட்டே "ஏதாவது உதவணுமா"ன்னு கேக்கிற மாதிரி ஆயிடக் கூடாது. என்ன செஞ்சா சரிவரும்? அளவு, வேலைப் பங்கீடு, எங்கெங்க சொதப்பும், எல்லாம் விவரமா சொன்னா உதவியா இருக்கும்.

---

ஆவிபறக்க:

டம்ப்ளிங் செய்யுங்க, அதாவது மோமோ மாதிரி மாவு வட்டத்துக்குள்ள பூரணம் வச்சு மடிச்சு வேகவைக்கிறது. காரணத்தை முதல்ல சொல்லிடறேன், ஏன்னா நீங்க வேற எதைத் தேர்ந்தெடுத்தாலும் இதே கணக்குதான். அடுப்பு வேலை ஒரு ஆளுக்குத்தான் இடம் கொடுக்கும். உக்காந்து கையால செய்யற வேலைக்கு எத்தனை பேர் வேணும்னாலும் சேரலாம். ஒரே பாத்திரத்தில் கிண்டற சமையல் எதுவானாலும் கரண்டி ஒருத்தர் கையில், மீதிப் பேர் வேடிக்கை. நாற்பது டம்ப்ளிங் மடிக்க நாலு புதுக் கைகளுக்கு முக்கால் மணி நேரமாவது பிடிக்கும். கையெல்லாம் மாவு, ஃபோனைத் தொட முடியாது, வாய் சும்மா இருக்கும். பேச்சு தானா வந்துடும்.

அதனால சமையலறையை மறந்துடுங்க. கூடத்துல தரையில் செய்தித்தாள் விரிச்சு, நடுவுல பலகை வச்சு வட்டமா உக்காருங்க.

மாவு (சுமார் 40 டம்ப்ளிங்): மைதா 300 கிராம், உப்பு அரை டீஸ்பூன், தண்ணி 180 மி.லி. தண்ணி நல்லாக் கொதிச்சு இறக்கினதும் ஊத்தணும். கைபொறுக்கிற சூடு போதாது. ஒரு கரண்டிக் காம்பால கிளறிக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி, உதிரி உதிரியா ஆனதும் 5 நிமிஷம் ஆறவிட்டு, அப்புறம் கையால 6, 7 நிமிஷம் பிசையுங்க. காது மடலைத் தொட்டுப் பாருங்க, அந்த மென்மை வரணும். மூடி வச்சு 30 நிமிஷம் ஓய்வு. இந்த ஓய்வைக் குறைக்காதீங்க.

சுடுதண்ணி எதுக்குன்னா, சூட்டில் மாவிலிருக்கிற ஸ்டார்ச் பாதி வெந்து தண்ணியை இழுத்துக்கும், பசைத்தன்மையும் கொஞ்சம் அடங்கும். உருட்டினா ரப்பர் மாதிரி பின்வாங்காம சொன்ன இடத்துல நிக்கும். புதுக் கைக்கு இதுதான் சுலபம். ஆவியில் வேகவைக்கவும் தோசைக்கல்லில் வாட்டவும் இந்த மாவு. தண்ணிக்குள்ள போட்டு வேகவைக்கப் போறீங்கன்னா மட்டும் பச்சைத் தண்ணி, 150 மி.லி.; இல்லைன்னா கொதிக்கிற தண்ணியில் மாவு குழைஞ்சிடும்.

பூரணம் (சைவம்): முட்டைகோஸ் 400 கிராம் பொடியா நறுக்கி, 1 டீஸ்பூன் உப்புப் போட்டுப் பிசறி 20 நிமிஷம் வைங்க. அப்புறம் ஒரு சுத்தமான துணியில் கொட்டி முறுக்கிப் பிழியுங்க. அரை டம்ளருக்கு மேல தண்ணி வரும். வரலைன்னா இன்னும் பிழியணும். காளான் 200 கிராம் நறுக்கி, எண்ணெய் இல்லாம வாணலியில் தண்ணி வத்துற வரைக்கும் வதக்கி ஆறவிடுங்க. துருவின கேரட் 100 கிராம், வெங்காயத்தாள் ஒரு கைப்பிடி, துருவின இஞ்சி 2 டீஸ்பூன், பூண்டு 4 பல், மிளகுத்தூள் அரை டீஸ்பூன், எண்ணெய் 1 மேசைக்கரண்டி, சோயா சாஸ் 1 மேசைக்கரண்டி. எண்ணெயை முதல்ல சேத்துப் பிசறிட்டு சோயா சாஸைக் கடைசியா ஊத்துங்க. காய் மேல எண்ணெய் படிஞ்சா மறுபடி தண்ணி விடறது குறையும். ஒரு ஸ்பூன் பூரணத்தை வாணலியில் சூடு காட்டி உப்பு, காரம் பாத்துட்டு மடிக்க ஆரம்பிங்க. நாற்பதையும் மடிச்சப்புறம் உப்பு பத்தலைன்னா ஒண்ணும் செய்ய முடியாது.

உருட்டறது: மாவை நாலா வெட்டி ஒவ்வொண்ணையும் விரல் தடிமன் கயிறாக்கி பத்துத் துண்டு போடுங்க. ஒரு துண்டு 12 கிராம் வரும். அதை 8, 9 செ.மீ. வட்டமாத் தேய்க்கணும். நடு கொஞ்சம் தடிமனா, ஓரம் மெலிசா இருக்கணும். மடிக்கும்போது ஓரம் ரெட்டையாகும், நடுப்பகுதிதான் பூரணத்தைத் தாங்கும். சப்பாத்திக்கட்டை ஒண்ணுதான் இருந்தா இன்னொண்ணுக்கு லேபிளை உரிச்ச கண்ணாடி பாட்டில் போதும். உள்ளே குளிர்ந்த தண்ணி நிரப்பி மூடிக்கோங்க, கனம் கூடும்.

மடிக்கிறது: நடுவுல பூரணம் குவிச்ச ஒரு டீஸ்பூன், அதுக்கு மேல வேண்டாம். ஓரத்தில் பாதி வட்டத்துக்கு மட்டும் விரலால தண்ணி தொட்டு, பிறை மாதிரி மடிச்சு, நடுவுல முதல் கிள்ளு. அங்கேயிருந்து ரெண்டு பக்கமும் கிள்ளிக்கிட்டே போனா உள்ளே இருக்கிற காத்து வெளியேறும். காத்து அடைபட்டா ஆவியில் உப்பி வாய் பிளந்துடும். ஓரத்தில் உலர்ந்த மாவோ எண்ணெயோ பட்டிருந்தாலும் ஒட்டாது. அழகு மடிப்பெல்லாம் முதல் பத்துக்கு அப்புறம் பாத்துக்கலாம். முள்கரண்டியால ஓரத்தை அழுத்தினாலே போதும்.

மடிச்சதை மாவு தூவின தட்டில் ஒண்ணோடொண்ணு தொடாம வச்சு, நல்லாப் பிழிஞ்ச ஈரத்துணியால மூடுங்க. அரை மணி நேரத்துக்கு மேல அப்படியே கிடந்தா அடிப்பாகம் ஊறிப் பிய்யும். அதனால 10 ஆனதும் முதல் ஈட்டை அடுப்பில் ஏத்திடுங்க. பசியில் யாரும் முகம் சுளிக்காம இருக்கவும் அதுதான் வழி.

ஆவியில் 8லிருந்து 10 நிமிஷம். தட்டில் எண்ணெய் தடவி, அல்லது முட்டைகோஸ் இலை விரிச்சு வைங்க. மூடியைச் சுத்தி ஒரு துணி கட்டுங்க. மூடியில் கோத்த தண்ணி சொட்டினா மேல்தோல் கொழகொழன்னு ஆயிடும். வாட்டணும்னா தோசைக்கல்லில் 1 மேசைக்கரண்டி எண்ணெய், மிதமான தீயில் அடி சிவக்க 2 நிமிஷம், அப்புறம் 70 மி.லி. தண்ணி ஊத்தி உடனே மூடி 6 நிமிஷம், மூடியைத் திறந்து தண்ணி சுண்டி மொறுமொறுப்பு வர 2 நிமிஷம். கல்லு தட்டையா, விளிம்பில்லாம இருந்தா தண்ணி வழிஞ்சிடும். விளிம்பும் மூடியும் உள்ள வாணலி எடுத்துக்கோங்க.

---

அரைத்தேக்கரண்டி:

மேலே சொன்ன முறை சரி. ஒரு வீட்டில் சைவர், அசைவர், ஒவ்வாமை உள்ளவர் மூவரும் இருந்தால் வரிசைதான் முக்கியம், அதை மட்டும் சேர்க்கிறேன்.

முதலில் வேர்க்கடலை. "ஒத்துக்காது" என்றால் என்ன நடக்கும் என்று அவரிடமே நேராகக் கேளுங்கள். வயிறு உப்புவது வேறு, உதடு வீங்கி மூச்சுத் திணறுவது வேறு. இரண்டாவது என்றால் அன்று வீட்டில் வேர்க்கடலையே திறக்க வேண்டாம், கடலெண்ணெயும் வேண்டாம். சூரியகாந்தி எண்ணெய் போதும். புட்டியில் வரும் மிளகாய் எண்ணெயிலும் சில சாஸ்களிலும் கடலைத் துணுக்கு இருக்கும், அட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள். அவசர ஊசி வைத்திருப்பவரானால் அது எந்தப் பையில் இருக்கிறது என்பது மற்ற மூவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அசைவ வகையும் செய்வதாக இருந்தால், சைவப் பூரணத்தைப் பாதியாக்கிக்கொண்டு, 20 டம்ப்ளிங்குக்கு 200 கிராம் கொத்திய கோழி, 50 கிராம் வெங்காயம், 1 டீஸ்பூன் இஞ்சி, அரை டீஸ்பூன் உப்பு, 2 மேசைக்கரண்டி தண்ணீர் சேர்த்து ஒரே திசையில் பசை பிடிக்கும்வரை கிளறுங்கள். ஆனால் சைவம் இருபதையும் மடித்து முடித்த பிறகே கோழிப் பாத்திரம் குளிர்பெட்டியிலிருந்து வெளியே வர வேண்டும். இதைத் திருப்பிச் செய்தால் பலகை, கத்தி, தண்ணீர்க் கிண்ணம், கை எல்லாவற்றையும் நடுவில் கழுவ வேண்டிவரும். யாராவது ஒருவர் தண்ணீர்க் கிண்ணத்தை மறந்துவிடுவார், அது உறுதி.

மடிப்பிலேயே அடையாளம் வைத்துவிடுங்கள்: சைவம் பிறை, அசைவம் முடிச்சு. இல்லாவிட்டால் வெந்த பிறகு இரண்டும் வெளியில் ஒரே மாதிரிதான் தெரியும். அடுக்குத் தட்டில் வேகவைத்தால் சைவம் மேல் தட்டு, அசைவம் கீழ்த் தட்டு. ஆவி நீர் மேலிருந்து கீழே சொட்டும், கீழிருந்து மேலே போகாது. ஒரே பாத்திரத்து ஆவியே கூடாது என்று அவர் நினைத்தால் இரண்டாவது பர்னர் இருக்கிறது, ஊகிக்காமல் கேட்டுவிடுங்கள். எடுக்கும் இடுக்கி, தொட்டுக்கொள்ளும் கிண்ணம் எல்லாம் இரண்டிரண்டு.

கோழி வகைக்கு 12 நிமிடம். உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் தட்டின் நடுவிலிருந்து ஒன்றை எடுத்து இரண்டாக வெட்டிப் பாருங்கள். இளஞ்சிவப்பு தெரிந்தால் மொத்தத் தட்டும் இன்னும் 3 நிமிடம்.

தொட்டுக்கொள்ள: சோயா சாஸ் 3 மேசைக்கரண்டி, வினிகர் 1 மேசைக்கரண்டி, சர்க்கரை 1 டீஸ்பூன், பூண்டு துருவல் சிறிது. காரம் வேண்டியவர் தனியாகப் போட்டுக்கொள்ளட்டும்.

மழை என்று ஜன்னலை எல்லாம் அடைத்துவிடாதீர்கள். கேஸ் அடுப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் எரியும். ஒரு ஜன்னலாவது கையளவு திறந்திருக்கட்டும். ஆவிப் பாத்திரத்தின் மூடியை உங்களை விட்டு விலகும் பக்கம் முதலில் தூக்குங்கள். ஆவி சுட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவதுதான் முதலுதவி. பனிக்கட்டி, பற்பசை எதுவும் வேண்டாம். மின்சாரம் போனால் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். மூடியே இருந்தால் சுமார் 4 மணி நேரம் குளிர் நிற்கும்.

---

பாத்திரக்காரன்:

நான் கொஞ்சம் மாறுபடறேன். முதல் தடவையிலேயே நாற்பது அதிகம். 30 மடிச்சதும் ஆர்வம் வடிஞ்சிடும், கடைசிப் பத்து கைதேர்ந்தவர் தலையில்தான் விழும். 28 போதும். மீதி மாவையும் பூரணத்தையும் சூப்பாக்கிடுங்க. ரெண்டாவது பர்னர் அதுக்குத்தான்.

சூப்: ஒன்னேகால் லிட்டர் தண்ணி, வெங்காயம் 1, கேரட் 1, காளான் காம்பு, முட்டைகோஸ் நடுத்தண்டு, உப்பு ஒன்றரை டீஸ்பூன், மிளகு. முட்டைகோஸ் பிழிஞ்ச தண்ணியைக் கொட்டாதீங்க, இதுல ஊத்துங்க. அது உப்புத்தண்ணிங்கிறதால உப்பை அரை டீஸ்பூன் குறைச்சுக்கோங்க. 25 நிமிஷம் கொதிச்சதும் மீதி மாவை நகக்கண் அளவு பிச்சு, கட்டை விரலால அழுத்தித் தட்டையாக்கிப் போட்டா 4, 5 நிமிஷத்துல வெந்து மேலே மிதக்கும். மாவு பிச்சுப் போடறதுக்குத் தெறமையே வேண்டாம், மடிப்பு வராத ஆளுக்கு உகந்த வேலை. எல்லாத் துண்டையும் ஒரே குவியலா கொட்டாம தனித்தனியாப் போடணும், அவ்வளவுதான்.

இப்ப ஆளுங்க விஷயம். மாவை விட இதுதான் கஷ்டம்.

குரூப்ல "என்ன சமைக்கலாம்?"னு கேட்டா நாலு தம்ஸப் வரும், பதில் வராது. "டம்ப்ளிங்கா பீட்சாவா, ராத்திரி 8 மணிக்குள்ள சொல்லுங்க"ன்னு ரெண்டை மட்டும் வைங்க. வாங்கற வேலையை ஒருத்தர் முதல் நாளே முடிச்சு பில்லைப் படம் எடுத்துப் போட்டுடணும்; சைவர் கோழிக்குப் பங்கு தரக் கூடாது, இதை அவர் வாயால சொல்ல வைக்காதீங்க.

அறையை விட்டு வராத ஆள் ஒருத்தர் இருப்பார். அவரை "வா, சேந்து சமைக்கலாம்"னு கூப்பிட்டா "நீங்க பண்ணுங்க"ன்னுதான் சொல்வார். முடிவு தெரியற வேலையாக் கொடுங்க: "இந்தப் பத்துப் பல் பூண்டை மட்டும் உரிச்சுத் தாங்க." உரிக்க உக்காந்தவர் பெரும்பாலும் எழுந்து போக மாட்டார்.

கைதேர்ந்தவர் அதை விடப் பெரிய சிக்கல். அவர் மடிச்சதும் மத்தவங்க மடிச்சதும் பக்கத்துல பக்கத்துல இருந்தா ஒண்ணு ரெண்டு பேர் கை தயங்கி நின்னுடும். அவருக்குப் பூரணத்தோட உப்பு, காரமும், கடைசியில் அடுப்பும் கொடுங்க. அடுத்தவர் மடிச்சதை எடுத்துத் திருத்தி வைக்கறது மட்டும் கூடாதுன்னு முன்கூட்டியே சிரிச்சுக்கிட்டே சொல்லிடுங்க. கோணலாப் போனாலும் வாய் மூடியிருந்தா வேகும், ருசியிலும் வித்தியாசம் தெரியாது.

ரெண்டு பேர் தேய்க்க, ரெண்டு பேர் மடிக்க. பத்துக்கு ஒரு தடவை இடம் மாத்துங்க. தேய்க்கிறவர் வேகமாப் போய் வட்டங்களை அடுக்கி வச்சுடுவார், அது ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கும். மடிக்கிறவர் கையில் ஒண்ணு, காத்திருக்க ரெண்டு; அதுக்கு மேல தேய்க்க வேண்டாம்.

கடைசியா பாத்திரம். கூடிச் சமைச்ச சந்தோஷமெல்லாம் இங்கதான் கரையும். மாவுப் பாத்திரத்தைச் சுடுதண்ணியில் ஊறவைக்காதீங்க, மாவு வெந்து பசையா ஒட்டிக்கும். பச்சைத் தண்ணியில் 15 நிமிஷம் ஊறினா நார் பட்டாலே வந்துடும். பலகையில் ஒட்டினதைக் கத்தி முதுகால சுரண்டிக் குப்பையில் போடுங்க, தொட்டியில் கழுவிவிட்டா குழாய் அடைக்கும். ஒவ்வொரு ஈடும் 10 நிமிஷம் வேகுது இல்லையா, அந்தப் பத்து நிமிஷத்துல ஒருத்தர் ஒரு சுத்துக் கழுவிடணும். மூணு ஈடு வேகறதுக்குள்ள மூணு பேர் முடிச்சிருப்பாங்க, சாப்பிட்ட தட்டு மட்டும்தான் மிச்சம். அது நாலாவது ஆளுக்கு.

---

மூணாம்மாடி:

எல்லாருக்கும் நன்றி. குரூப்ல ரெண்டையும் வச்சேன். ரெண்டு ஓட்டு டம்ப்ளிங், ரெண்டு ஓட்டு பீட்சா! ஓவன் இல்லாம பீட்சா நிஜமாவே வருமா? நாலு பேரும் சேர்ந்து செய்யற மாதிரி அதுல வேலை இருக்கா?

---

மாவுக்கை:

வரும். ஆனா அடுப்புக்கு முன்னாடி வரிசை நிக்கும், அதைத் தெரிஞ்சுக்கிட்டு இறங்குங்க.

மைதா 500 கிராம், தண்ணி 325 மி.லி., உப்பு 10 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4 கிராம், எண்ணெய் 1 மேசைக்கரண்டி. தண்ணி வெதுவெதுப்பா, 35லிருந்து 40 டிகிரிக்குள்ள. கொதிக்கிற தண்ணி பட்டா ஈஸ்ட் செத்துடும். டம்ப்ளிங் மாவு மாதிரி நினைச்சு ஊத்திடாதீங்க. 8 நிமிஷம் பிசைஞ்சு மூடி வச்சா ஒன்றரை மணி நேரத்துல ரெட்டிப்பாகணும். மழைக் குளிர்ல ரெண்டு மணி நேரம்கூட ஆகலாம், கடிகாரத்தைப் பாக்காதீங்க, மாவைப் பாருங்க. நாலாப் பிரிச்சா ஒண்ணு 210 கிராம், 24 செ.மீ. வாணலிக்குச் சரி.

அடி கனமான வாணலி. மாவைக் கையால பரப்பி, மூடி, மிதமான தீயை விடக் கொஞ்சம் கம்மியில் 3, 4 நிமிஷம். அடி சிவந்ததும் திருப்பிப் போட்டு, அந்த வெந்த பக்கத்து மேல சாஸ் 3 மேசைக்கரண்டி, சீஸ் 70 கிராம், மேலே காய். மறுபடி மூடி, சிறு தீயில் 5, 6 நிமிஷம்.

சொதப்பற இடம் மூணுமே மேல்பக்கம்தான், ஏன்னா ஓவன் மாதிரி மேலேயிருந்து சூடு வராது. காயைப் பச்சையாப் போட்டா பச்சையாவே இருக்கும். வெங்காயம், குடைமிளகாய், காளான் எல்லாத்தையும் முன்னாடியே 4 நிமிஷம் வதக்கிக்கணும். சாஸ் தண்ணியா இருந்தா சொதசொதன்னு ஆயிடும். தக்காளி சாறை ஸ்பூன் இழுத்த தடம் மூடாத அளவுக்குச் சுண்ட விடணும். சீஸ் உருகும், ஆனா சிவக்காது. சிவக்கட்டும்னு தீயைக் கூட்டினா அடி கருகும், அவ்வளவுதான் நடக்கும். சைவர் இருக்கார்னு சொன்னீங்க, சில சீஸ்ல விலங்கு ரென்னட் (பாலை உறைய வைக்க, கன்னுக்குட்டி வயித்திலேருந்து எடுக்கிற பொருள்) இருக்கும், அட்டையில் சைவக் குறி இருக்கான்னு பாத்துக்கோங்க.

ஒண்ணுக்குப் பத்து நிமிஷம். ஒரே வாணலின்னா முதல் ஆள் சாப்பிட்டு அரை மணி நேரம் கழிச்சுத்தான் நாலாவது ஆளுக்கு. அதனால ஆளுக்கு ஒண்ணுன்னு போகாதீங்க. ஒவ்வொண்ணும் இறங்கினதும் நாலா வெட்டி நாலு பேரும் சாப்பிட்டுக்கிட்டே அடுத்ததுக்குப் போங்க. இன்னொண்ணு: தனக்கு வேணும்கிறதைத் தானே அடுக்காம, சீட்டுக் குலுக்கிப் போட்டு அடுத்தவருக்காக அடுக்கச் சொல்லுங்க. அவருக்கு என்ன பிடிக்கும், என்ன ஆகாதுன்னு கேட்டுத்தான் ஆகணும்.

உங்க நிலவரத்துக்கு என் ஓட்டு டம்ப்ளிங்குக்கே. பீட்சாவில் கைவேலை மொத்தமே இருபது நிமிஷம். மீதி நேரம் மாவு பொங்கறதுக்குக் காத்திருக்கிறது.

---

மூணாம்மாடி:

டம்ப்ளிங்தான் முடிவாச்சு. இப்ப நடுவுல இருக்கோம், அவசரம்! (ஒரு கை மட்டும் கழுவிட்டு எழுதறேன்.)

1. வட்டமாத் தேய்ச்சா 9 செ.மீ. வருது, கட்டையை எடுத்ததும் 6 செ.மீ.க்குச் சுருங்குது.
2. முதல் ஈட்டில் 8இல் 3 அடி தட்டோட ஒட்டிப் பிஞ்சு போச்சு.
3. பூரணம் கிண்ணத்துல மறுபடி தண்ணி தேங்குது.

---

ஆவிபறக்க:

1. தண்ணியை ஆறவிட்டு ஊத்தியிருப்பீங்க, இல்லைன்னா ஓய்வு பத்தலை. இப்பத் தண்ணியை மாத்த முடியாது, அதனால மாவை மூடி இன்னும் 20 நிமிஷம் தொடாம விடுங்க. சுருங்கறதை அப்பவே மறுபடி அழுத்தித் தேய்ச்சா இன்னும் இறுகும். எல்லாத் துண்டையும் முதல்ல 6 செ.மீ.க்குத் தேய்ச்சு மூடி வச்சிடுங்க, கடைசித் துண்டு முடியும்போது முதல் துண்டு தளர்ந்திருக்கும். அப்புறம் 9க்குத் தேய்ங்க. காய்ஞ்ச மாதிரி இருந்தா கையை ஈரமாக்கி ஒரு நிமிஷம் பிசைஞ்சுட்டு ஓய்வு கொடுங்க, தண்ணியை ஊத்தாதீங்க.

2. எண்ணெய் போதலை, அல்லது வெந்ததும் உடனே பிடுங்கியிருக்கீங்க. அடுப்பை அணைச்சு மூடியைத் திறந்து 2 நிமிஷம் விட்டா தோல் இறுகி தானா விடும். எடுக்கிற ஸ்பூனை ஈரமாக்கிக்கோங்க. பிஞ்ச மூணையும் சூப்ல தள்ளுங்க.

3. கிண்ணத்தைச் சாய்ச்சு தண்ணியை வடிச்சிடுங்க, அதுவும் சூப்புக்குத்தான். மீதிப் பூரணத்தில் ஒரு டீஸ்பூன் சோளமாவு பிசறினா மிச்ச ஈரத்தைப் பிடிச்சுக்கும்.

---

அரைத்தேக்கரண்டி:

இரண்டாவதுக்கு ஒரு சேர்க்கை: தட்டில் நீர் தேங்கியிருக்கிறதா பாருங்கள். பாத்திரத்தில் தண்ணீர் தட்டைத் தொடும் அளவுக்கு இருந்தால் கொதிக்கும்போது ஓட்டை வழியாக மேலே ஏறி அடியை ஊறவைக்கும். தட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி வேண்டும். குறைந்தால் கொதிதண்ணீர் ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஆவி நின்று டம்ப்ளிங் கல்லாகிவிடும்.

---

மூணாம்மாடி:

இருபது நிமிஷம் விட்டதும் மாவு சொன்ன பேச்சு கேக்குது. மூணாவது ஈடு வேகுது, சூப்பும் இருக்கு. 11 மிச்சம், யாராலும் முடியலை. வேகவைக்காம ராத்திரி வரைக்கும் ஃபிரிட்ஜ்ல வைக்கலாமா?

---

பாத்திரக்காரன்:

ஃபிரிட்ஜ்ல வேண்டாம், ராத்திரிக்குள்ள அடி ஊறிக் கஞ்சியாயிடும். ஃப்ரீசர்ல வைங்க. தட்டில் மாவு தூவி, ஒண்ணோடொண்ணு தொடாம பரப்பி ரெண்டு மணி நேரம். கல்லு மாதிரி ஆனதும் ஒரே பையில் போட்டுக்கலாம். முதல்லயே பையில் போட்டா எல்லாம் சேந்து ஒரே உருண்டையா உறையும். பை மேல சைவமா அசைவமான்னும் தேதியையும் எழுதிடுங்க. சமைக்கும்போது உருக விடாதீங்க, உருகினா தோல் கிழியும். உறைஞ்சபடியே ஆவியில் வச்சு, வழக்கத்தை விட 3 நிமிஷம் கூடுதலா விடுங்க.